ஃபேமிலி போட்டோவுக்கு ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்?

போன நவம்பரில் மூன்று போட்டோகிராபர்களிடம் ஒரே விஷயத்தைக் கேட்டேன். திருச்சியில் அப்பா வீடு, பொங்கலுக்கு எல்லோரும் வருகிறோம், குழந்தைகளோடு மொத்தம் 14 பேர், காலையில் இரண்டு மணி நேரம் வீட்டுக்கே வந்து குடும்பப் படம் எடுத்துத் தர எவ்வளவு ஆகும்? முதல் ஆள் 4,500 என்றார். இரண்டாமவர் 12,000. மூன்றாவது ஒரு ஸ்டுடியோ. போனை எடுத்த பெண் ரொம்ப மரியாதையாக 28,000, ஜிஎஸ்டி தனி என்றார்.

என் தம்பி உடனே, "4,500 ஆளையே சொல்லிடுண்ணா, எல்லாரும் வச்சிருக்கிறது அதே கேமராதானே" என்றான். என் மனைவி அந்த ஸ்டுடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் இந்தத் தொழிலில் இல்லை. மூன்று பேரிடமும் "இதில் என்னென்ன சேர்த்தி?" என்று விடாமல் கேட்டு, கடைசியில் அமர்த்தியவரோடு கூடவே நின்று பார்த்து, ஒரு மாதிரி புரிந்துகொண்டேன். முதல் தடவையாக ஆள் வைத்துக் குடும்பப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன். இங்கே வரும் ரூபாய் எல்லாம் நான் விசாரித்த ஊரில், நான் விசாரித்த நேரத்தில் சொன்னது. சென்னையில் கூடலாம், சின்ன ஊரில் குறையலாம். கணக்கு போடும் விதம் பெரிதாக மாறாது.

க்ளிக்குக்குக் காசு இல்லை, அப்புறம் எதற்கு?

நம் தலையில் இருப்பது இன்னமும் பழைய ஸ்டுடியோ கணக்குதான். எங்கள் வீட்டில் 1980களில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. பின்னால் மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரை, முன்னால் நாற்காலியில் அம்மா, மடியில் நான், கன்னத்தில் எட்டணா அளவுக்குத் திருஷ்டிப் பொட்டு. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரருக்கு ஒவ்வொரு க்ளிக்கும் கைக்காசு. சின்ன ரோல் என்றால் 36 படம், பெரிய 120 ரோலில் சதுரமாக எடுத்தால் 12 படம், அவ்வளவுதான். ஃபிலிம், அதைக் கழுவ மருந்து, பிரிண்ட் போடப் பேப்பர் எல்லாமே செலவு என்பதால்தான் "அசையாதே, இங்க பாரு" என்று அத்தனை மிரட்டிவிட்டு ஒன்றோ இரண்டோ எடுத்து முடித்துவிடுவார். நாம் எத்தனை காப்பி என்று சொல்வோம், காப்பிக்கு இவ்வளவு என்று ரசீது வரும்.

இப்போது க்ளிக்குக்குச் செலவே கிடையாது. இரண்டு மணி நேரத்தில் 500 படம் சாதாரணமாக எடுக்கிறார்கள். அதனால் "மெமரி கார்டில்தானே விழுகிறது, இதற்கு எதற்கு 12,000?" என்று தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த 500 படத்தையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், நல்லதைப் பிரிக்க வேண்டும், நிறம் சரிசெய்ய வேண்டும். நாம் பார்ப்பது அவர் கேமராவோடு நிற்கும் இரண்டு மணி நேரத்தை மட்டும். மற்றதெல்லாம் அவர் வீட்டில், பெரும்பாலும் ராத்திரியில் நடக்கிறது.

12,000 சொன்னவரிடம் நேரக் கணக்கைக் கேட்டு எழுதிவைத்தேன். முன்கூட்டிப் பேச, என்ன உடை, எந்த இடம், யார் யார் என்று முடிவு செய்ய ஒரு மணி நேரம். எங்கள் வீட்டுக்கு வந்துபோக ஒன்றரை மணி நேரம். எடுப்பது இரண்டு மணி நேரம். போனவுடன் கார்டில் இருப்பதை இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி சரிபார்க்க அரை மணி. 500ல் இருந்து நல்லதைப் பொறுக்க ஒன்றரை மணி. முழுசாக எடிட் செய்து தருவதாகச் சொன்ன 30 படத்துக்குத் தலா 10 நிமிடம் வைத்தால் 5 மணி நேரம். ஆன்லைனில் ஏற்றி, நாம் சொல்லும் திருத்தங்களைச் செய்து, "சார், பாத்தீங்களா?" என்று ஞாபகப்படுத்த இன்னொரு ஒரு மணி. ஆக 12½ மணி நேரம்.

இனி காசு. 12,000ல் லைட் பிடிக்க வரும் உதவியாளுக்கு 1,500 போய்விடும். பெட்ரோல், டீ, டிபன் 600. கேமரா, இரண்டு லென்ஸ், ஃபிளாஷ், எடிட் செய்ய ஒரு நல்ல கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் உழைக்கும் என்றால் வருஷத்துக்கு 1,25,000. வருஷத்தில் 80 நாள் வேலை கிடைத்தால் ஒரு வேலைக்கு 1,560 ரூபாய் வெறும் தேய்மானம். இந்தக் கேமராக்களுக்கு ஷட்டர் ஆயுள் என்று ஒன்று உண்டு, ஷட்டர் என்பது ஒவ்வொரு க்ளிக்குக்கும் திறந்து மூடும் திரை, சோனி ஏ7 3 மாதிரியான கேமராவுக்கு அது இரண்டு லட்சம் க்ளிக் என்று கணக்கு. க்ளிக்குக்குக் காசே இல்லை என்று மேலே சொன்னது அப்படி முழு உண்மையும் இல்லை. சாஃப்ட்வேர் சந்தா, ஹார்டு டிஸ்க், ரிப்பேர் வகையில் ஒரு 840 என்று போட்டால், கையில் நிற்பது 7,500. அதை 12½ மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 600 ரூபாய். ஏசி சர்வீஸ் செய்ய வருகிறவருக்கு நாம் யோசிக்காமல் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிலும் மீதி 285 நாள் போட்டோகிராபருக்கு வேலை இல்லை.

இதையே 4,500க்குச் செய்பவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம் இல்லை. அவர் அந்த 12½ மணி நேரத்தை 4 மணி நேரமாகச் சுருக்குகிறார். தனியாக வருகிறார், லைட் இல்லை, எடுத்ததை அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார். பொறுக்குவதும் எடிட் செய்வதும் இப்போது உங்கள் வேலை.

14 பேர் நின்றால் என்ன ஆகும்

என் தம்பி சொன்ன "அதே கேமராதானே" விஷயத்துக்கு வருவோம். பாதி சரிதான். இன்னும் சொன்னால் போனிலேயே எடுக்கலாம். 12×18 அங்குல பிரிண்ட் நல்ல தரத்தில் வர, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 3600×5400, அதாவது 1.94 கோடி பிக்சல் போதும். 24 மெகாபிக்சல், அதாவது 2.4 கோடி பிக்சல் கேமரா தாராளம். 12 மெகாபிக்சல் போன் படத்தைக்கூட அந்த அளவுக்குப் பிரிண்ட் போட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர், மூன்று பேர், நல்ல வெளிச்சம் என்றால் போனே போதும், காசை மிச்சப்படுத்துங்கள்.

கூட்டம் சேரச் சேரத்தான் சிக்கல். போனின் முக்கியமான லென்ஸ் அகலமாகப் பார்க்கும் லென்ஸ். 14 பேரையும் அடக்கக் கிட்டே நின்று எடுத்தால் நடுவில் இருப்பவர் ஒழுங்காக இருப்பார், ஓரத்தில் நிற்கும் மச்சான் பக்கவாட்டில் இழுபட்டு பத்து கிலோ கூடியிருப்பார். போட்டோகிராபர் நீளமான லென்ஸ் போட்டுக்கொண்டு தள்ளிப் போய் எடுப்பது அதற்காகத்தான்.

அடுத்தது வரிசை. முன்னால் உட்கார்ந்திருப்பவரும் பின்னால் நிற்பவரும் ஒரே தெளிவில் விழ வேண்டும். அழகாகப் பின்புலம் மங்கிப்போகும் படங்களை எஃப் 1.8 மாதிரி லென்ஸை முழுசாகத் திறந்து எடுப்பார்கள், அப்படி எடுத்தால் முதல் வரிசை பளிச், இரண்டாவது வரிசை மங்கல். எஃப் என்பது லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் எண், எண் கூடினால் திறப்பு குறையும். அதனால் கூட்டத்துக்கு எஃப் 8 வரை மூடுகிறார்கள். 1.8ல் இருந்து 8க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட 20ல் ஒரு பங்காகிவிடும். குறைந்த வெளிச்சத்தை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டுமே, அதற்குத்தான் ஃபிளாஷ், அதன் முன்னால் குடை மாதிரி சாஃப்ட்பாக்ஸ், அதைக் காற்றில் விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு பையன். 12,000க்கும் 4,500க்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி அந்தப் பையன்தான். அவன் இல்லாவிட்டால் முகத்தில் பாதி நிழல், வேட்டி மட்டும் வெள்ளையாக எரியும்.

அப்புறம் கண். 14 பேரில் ஒருவராவது கண்ணை மூடியிருப்பார். இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும், கூட்டத்தில் யாருமே கண் மூடாத ஒரு படம் கிடைக்க எத்தனை படம் எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்காக 2006ல் கணிதத்துக்கான இக் நோபல் வாங்கினார்கள். இது முதலில் சிரிக்கவும் அப்புறம் யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் விளையாட்டுப் பரிசு. 20 பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும், வெளிச்சம் மோசம் என்றால் இரண்டால். எங்களுக்கு ஐந்து முதல் ஏழு படம். இது கண் இமைப்பதற்கு மட்டும். மூக்கு நோண்டுவது, போனைப் பார்ப்பது, அக்கா பையன் அலறுவது எதுவும் இந்தச் சூத்திரத்தில் இல்லை.

அப்படியும் ஒரு படம் முழுசாக அமையாது. அப்போது ஒரு படத்தில் அப்பாவின் முகம் நன்றாக இருக்கும், இன்னொன்றில் குழந்தை சிரித்திருக்கும், இரண்டையும் ஒட்டி ஒன்றாக்குவார்கள். தலையை மாற்றி வைப்பது என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள், கேட்கவே கொஞ்சம் திகிலாக இருந்தது. ஒரு தலைக்குக் கால் மணி முதல் அரை மணி ஆகும் என்றார். எத்தனை தலை வரை பேக்கேஜில் சேர்த்தி என்பதை முன்பே கேட்டுவைப்பது நல்லது. நான் கேட்கவில்லை. நல்லவேளை இரண்டோடு முடிந்தது.

நம் வீடுகளில் மட்டும் ஆகும் நேரம் ஒன்று தனியாக உண்டு. பெரியம்மா "மூணு பேரா நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டதால் மூவர் மூவராக யோசித்து வைத்திருந்த படமெல்லாம் நாலு பேர் படமாகியது. அம்மாவோ தனியாக எடுக்கவே விடவில்லை, "என்ன, மாலை போடுறதுக்கா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போட்டோகிராபருக்கு இது பழக்கம் போல. வாதாடாமல் அப்பாவோடு சேர்த்து நாலு படம் எடுத்துவிட்டு, "அப்பா, கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்த அம்மாவை எடுத்துவிட்டார். இதெல்லாம் விலைப் பட்டியலில் இருக்காது. ஆனால் இரண்டு மணி நேரம் கேட்பவர் ஒரு மணி நேரத்தில் முடிக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்று விலைக்குள் இருந்தது என்ன

4,500: ஒரே ஆள், இரண்டு மணி நேரம், எடுத்த எல்லாப் படமும் பென்டிரைவில். எடிட்டிங் என்று கேட்டால் "கலர் பண்ணித் தரேன் சார்" என்பார், அது எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தை மொத்தமாக ஏற்றுவது. பிரிண்ட் இல்லை.

12,000: ஒருவர், ஓர் உதவியாளர், லைட். 30 படம் முழு எடிட், இன்னும் ஒரு நூறு படம் நிறம் மட்டும் சரிசெய்து. மூன்று வாரத்தில் டிரைவ் லிங்க். பிரிண்ட் தனிக் காசு.

28,000: பாதி நாள், இரண்டு போட்டோகிராபர், என்ன நிறத்தில் உடை என்று யோசனை சொல்ல ஒருவர், பெரிய சட்டம் போட்ட படம் ஒன்று, சின்ன ஆல்பம் ஒன்று. அதற்குமேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 5,040 சேர்ந்து 33,040. சேவைத் தொழிலில் செலவு கழிக்காத வருஷ மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதால் தனியாளாக வேலை செய்யும் பலர் அதைக் கேட்க மாட்டார்கள், பதிவு இல்லாமல் கேட்கவும் கூடாது. யாராவது ஜிஎஸ்டி கேட்டால் எண் போட்ட பில் கேளுங்கள். இரண்டு விலையை ஒப்பிடும்போது வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இதைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு பொருளை விற்கிறார்கள் என்று தெரிந்தது. 28,000 என்பது அவ்வளவு அநியாயமாகவும் இல்லை, எங்களுக்கு அவ்வளவு தேவையாகவும் இல்லை. 14 பேருக்கும் ஒரே நிறத்தில் உடை எடுப்பதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருந்தது, அதற்கு யோசனை சொல்ல ஆள் வேறு எதற்கு. மனைவிக்கு இதில் இப்போதும் உடன்பாடு இல்லை.

இந்த மூன்றுக்கும் வெளியே நாலாவது ஒன்று இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் படம் எடுக்கும் தெருமுனை ஸ்டுடியோ. நாலைந்து பேர் கொண்ட குடும்பம், ஒரு திரை, ஒரு போஸ், கையோடு பிரிண்ட் என்றால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். அதை யாரும் இன்ஸ்டாகிராமில் போட மாட்டார்கள் என்பதற்காக மட்டம் என்று நினைக்க வேண்டாம். அந்த மாடிப்படித் திரைப் படத்தைத்தான் எங்கள் வீட்டில் நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எந்த மாதம் கேட்கிறீர்கள்?

நம் ஊரில் போட்டோகிராபரின் காலண்டர் முகூர்த்தக் காலண்டர்தான். தை, வைகாசி, ஆவணி மாதிரி மாதங்களில் ஒரு முகூர்த்த நாளில் அவருக்குக் கல்யாண வேலை கிடைக்கும், அதில் வருவது உங்கள் குடும்பப் படத்தைப் போலப் பல மடங்கு. அந்த நாளைக் கேட்டால் ஒன்று மாட்டேன் என்பார், இல்லை கல்யாண விலை சொல்வார். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் கிட்டத்தட்ட இல்லாததால் கை காலியாக இருக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை, டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை. தள்ளுபடி கேட்பதானால் அப்போது கேளுங்கள், கேட்கிற நமக்கும் சங்கடம் இருக்காது.

நாங்கள் போகிக்கு முந்தின நாள் காலையைப் பிடித்தோம். மார்கழிதான், முகூர்த்தம் இல்லை, எல்லோரும் வீடு வந்து சேர்ந்தாயிற்று. போகி அன்று வைத்திருந்தால் தெருவெல்லாம் புகை. காலை ஆறே முக்காலுக்குத் தொடங்கினார். அந்த நேரத்து வெயில் சாய்ந்து மென்மையாக விழும், ஒன்பது மணிக்கு மேல் உச்சியில் இருந்து அடித்துக் கண்ணுக்குக் கீழே குழியாக நிழல் விழும் என்றார். 14 பேரை ஆறே முக்காலுக்குக் குளிக்க வைத்து நிறுத்துவது யார் பொறுப்பு என்று அவர் சொல்லவில்லை.

வெளியே எடுப்பதானால் இடத்துக்கு அனுமதியும் கட்டணமும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் மாதிரித் தொல்லியல் துறை இடங்களில் கையில் கேமரா வைத்து எடுப்பது வேறு, ஸ்டாண்டு, லைட்டோடு போவது வேறு, இரண்டாவதற்கு முன் அனுமதி வேண்டும். கோயிலை மறந்துவிடுங்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் போனைக்கூடக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. வீட்டுத் திண்ணைக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை, வெயில் நேராக விழாததால் வெளிச்சமும் அங்கேதான் நன்றாக இருக்கும்.

பிரிண்ட், ஆல்பம், சாஃப்ட் காப்பி

விலை பேசும்போது நழுவிப்போவது இங்கேதான். ஆல்பத்தில் "20 ஷீட்" என்றால் 40 பக்கம், "20 பக்கம்" என்றால் 10 ஷீட். ஷீட்டா பக்கமா என்று கேட்காமல் ஒப்புக்கொண்டால் பாதிதான் வரும், சண்டை போடவும் முடியாது. கல்யாண ஆல்பம் எல்லாம் விரித்தால் 12×36 அங்குலம் வரும் பெரிய அளவு. குடும்பப் படத்துக்கு அவ்வளவு தேவையில்லை, பீரோவில் படுக்க வைக்கக்கூட இடம் இருக்காது. என்னைக் கேட்டால் ஆல்பத்தை விட்டுவிட்டு ஒரு நல்ல பெரிய படத்தைச் சட்டம் போடுங்கள்.

இதில் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பு ஒரு விசேஷத்துக்கு ஆல்பத்தோடு சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, படம் தேர்ந்தெடுத்துத் தருகிறேன் என்று சொல்லி இரண்டு வருஷம் தரவில்லை. அக்கா வரட்டும், மாமா பார்க்கட்டும் என்று தள்ளிப் போனது. பிறகு போனபோது பேப்பர் விலை ஏறிவிட்டது, கூடுதல் பணம் வேண்டும் என்றார்கள். கோபம் வந்தது, யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது நியாயம். எத்தனை நாளுக்குள் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் அவர்கள் தர வேண்டும், படங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்ற மூன்றையும் இப்போது வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று. அதில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், போனில் அழகாகத் தெரியும், பிரிண்ட் போட்டால் குழைந்து போகும். டிரைவ் லிங்கோ, குறைந்தபட்சம் டாக்குமென்ட்டாகவோ வாங்குங்கள்.

"ரா ஃபைலும் சேர்த்துத் தாங்க" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ரா என்றால் கேமரா எழுதிய, இன்னும் பக்குவப்படுத்தாத தகவல். ஒன்று 25 எம்பி என்றாலே 500 படம் 12 ஜிபிக்கு மேல். திறந்தால் வெளிறிப்போய், சாம்பலாக இருக்கும், எடிட் செய்யத் தெரியாதவர்களுக்கு அதனால் உபயோகம் இல்லை. பலர் தர மறுப்பதற்குக் காரணமும் அதுதான், வேகாத சோற்றைப் பரிமாறி யாரும் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். தருபவர்கள் தனிக் காசு கேட்பார்கள்.

ஆனால் படம் யாருடையது என்பது வேறு கேள்வி. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சிலர் அனுப்பும் நிபந்தனைகளில் உரிமை அவர்களுக்கு, விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வோம் என்று ஒரு வரி இருக்கும். குழந்தைகள் படம் வெளியே போகக் கூடாது என்று நினைத்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்னோம், அவர் உடனே சரி என்றார், ஐந்து குழந்தைகள் இல்லாமல் அப்பா அம்மா படம் ஒன்றை மட்டும் போட்டுக்கொள்ளவா என்று கேட்டார். அதற்கு அப்பா இன்றுவரை எத்தனை லைக் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

குறைப்பதானால் எங்கே குறைப்பது

"கொஞ்சம் பாத்துப் பண்ணுங்கண்ணா" என்று மொட்டையாகக் கேட்டால் 500 குறைப்பார், மனதுக்குள் வேலையிலும் 500 குறைப்பார். எதைக் குறைக்கிறோம் என்று சொல்லிக் கேட்பது நல்லது. 30 எடிட் வேண்டாம், 15 போதும் என்றால் அவருக்கு இரண்டரை மணி நேரம் மிச்சம், அதைக் காசாகக் கேட்கலாம். உண்மையில் சட்டம் போடப்போவது ஒன்று, சொந்தக்காரர்களுக்கு அனுப்பப்போவது பத்து. உடை மாற்றி இரண்டாவது செட் எடுப்பதை விட்டுவிடலாம், அதில் போகும் அரை மணி நேரம் குழந்தைகளின் பொறுமையைத்தான் தின்னும். சித்தப்பா வீட்டையும் கூப்பிட்டு ஒரே காலையில் இரண்டு குடும்பமாக எடுத்தால் வந்துபோகும் செலவும் உதவியாளர் கூலியும் பாதியாகும்.

லைட்டைக் குறைக்காதீர்கள், நாலு பேருக்கு மேல் இருந்தால். நேரத்தையும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். ஒன்றரை வயதுக் குழந்தை எப்போது தூங்கும், எப்போது அழும் என்பது அதன் அம்மாவுக்கே தெரியாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தேதி மாற்றலாமா, அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் கேட்டுவிடுங்கள், இது நடக்கிற விஷயம்.

கடைசியில் நான் அனுப்பிய செய்தி இதுதான், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: "14 பேர், அதில் ஐந்து குழந்தைகள், வீட்டில், காலை ஆறே முக்கால் முதல் இரண்டு மணி நேரம். 20 படம் முழு எடிட், எல்லாவற்றையும் பார்த்து நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். லைட் வேண்டும். ஆல்பம் வேண்டாம், 16×24 சட்டம் போட்ட படம் ஒன்று. எத்தனை நாளில் கிடைக்கும்? வரி சேர்த்து மொத்தம் எவ்வளவு?"

4,500 ஆளிடமிருந்து "ஓகே சார்" என்று மட்டும் வந்தது. ஸ்டுடியோ அதே 28,000 பேக்கேஜின் படத்தை மறுபடி அனுப்பியது. 12,000 சொன்னவர் எடிட் குறைந்ததற்கு 1,200 கழித்து, சட்டத்துக்கு 2,600 கூட்டி, 13,400 என்று வரி வரியாக எழுதியிருந்தார், கீழே "பாட்டி தாத்தா எவ்வளவு நேரம் நிற்பார்கள் சார், நாற்காலி இருக்கா?" என்று ஒரு கேள்வியும். அவருக்கே அட்வான்ஸ் போட்டேன். மூன்று வாரம் என்றது நாலு வாரம் ஆகியது, தையில் அவருக்கு எட்டுக் கல்யாணமாம். ஹாலில் டிவிக்கு மேலே ஆணி அடித்து மாட்டியாயிற்று. தலை மாற்றியது யார் யாருக்கு என்று இதுவரை வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.